இருபத்து மூன்றாவது வாளி

எங்கள் அண்ணியிடம் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் பிடிக்கக் கூடாது, துணி ஊறவைக்கக் கூடாது, கவிழ்த்துப் போட்டு உட்காரவும் கூடாது. ஒருமுறை நான் விவரம் தெரியாமல் வயலிலிருந்து வந்த சேற்றுக் காலை அதில் கழுவிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசியபோதும், "தம்பி, கால் கழுவ உனக்கு வேற எடமே கெடைக்கலியா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் மண் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. வாளிக்காரி என்றால் தெரியும்.

மண் எடுப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அண்ணி வயலுக்குள் இறங்கினால் நேராக நடக்க மாட்டார். கோணல்மாணலாக நடப்பார். பதினைந்து இடத்தில் நிற்பார். நின்ற இடத்தில் புல்லை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி வாளியில் போடுவார். இரும்பு வாளி ஆகாது, தகரமும் ஆகாது, அதில் பூசிய உலோகம் மண்ணில் ஒட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டிக் கலப்பார், பரப்புவார், நாலு பாகமாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளிவிடுவார். மறுபடியும் கலப்பார், மறுபடியும் தள்ளுவார். கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். அதைத் துணிப் பையில் போட்டு, தேதி, நிலம், எடுத்தவர் என்று சீட்டில் பென்சிலால் எழுதுவார். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடுமாம். அந்தத் துணிப் பைகளைத் தைத்துக் கொடுப்பது என் அண்ணன். தையல்காரர். ஊரில் எல்லோருக்கும் சட்டை தைப்பவர், தன் மனைவிக்கு மட்டும் மண்ணுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார் என்று நான் கிண்டல் செய்வேன். அண்ணன் சிரிப்பார். பேச மாட்டார். அந்த வீட்டில் பேச்சு மொத்தமும் அண்ணி பொறுப்பு.

பதினோரு வருஷம் தற்காலிக ஊழியராக இருந்த பிறகுதான் அண்ணிக்குக் கையெழுத்து உரிமை கிடைத்தது. அதாவது, அவர் எடுத்த மாதிரிக்கு அவரே கையெழுத்துப் போடலாம், அது செல்லும். அதுவரை அவர் வெயிலில் காய்ந்து எடுத்து வருவார், மின்விசிறிக்கடியில் இருப்பவர் கையெழுத்துப் போடுவார். உரிமை வந்த அன்று அண்ணி புதுப் பேனா ஒன்று வாங்கி வந்து, பழைய காலண்டரின் பின்பக்கம் முழுக்கத் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி. நான் பார்த்துவிட்டேன் என்றதும் காலண்டரை மடித்துவிட்டார்.

கையெழுத்து வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று அவர் ஆபீஸில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அது பிறந்ததிலிருந்தே இருந்தது. ஒரு பெரிய தோட்டக்காரர் தன் வேலையாள் கையில் ஒரு பை மண்ணைக் கொடுத்தனுப்பி, இதையே என் நிலத்து மண் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அண்ணி பையைப் பிரித்துப் பார்த்தார், உள்ளே பூத்தொட்டி மண். மறு வார்த்தை பேசாமல் அதில் ஒரு செடியை நட்டு அவருக்கே திருப்பி அனுப்பினார். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, மண்ணு நல்லா இருந்துச்சு சார், வீணாக்க மனசு வரலை என்றாராம். இப்படிப்பட்ட ஆள்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அண்ணியின் கதையைச் சொன்னால் எனக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்காது.

ஊருக்கு வெளியே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. தோலைக் கழுவி, மயிர் நீக்கி, ஊறவைத்து, சாயமேற்றி முடித்தால் கடைசியில் குளம் குளமாகச் சேறு மிஞ்சும். முன்பெல்லாம் அதைத் தொழிற்சாலைக்குள்ளேயே சிமெண்ட் குழி கட்டி மூடிவைக்க வேண்டும் என்று விதி. குழி வெட்டுவது செலவு. அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி வேறு ஒரு விதியைத் தேடிப் பிடித்தார். அந்தச் சேற்றில் பயிருக்கு வேண்டிய சத்து இருப்பதாகக் காட்டிவிட்டால் அது கழிவு ஆகாது, மண் வளமூட்டி ஆகிவிடும். கழிவைக் குழியில்தான் போட வேண்டும், வளமூட்டியை வயலில் கொட்டலாம். பெயரை மாற்றியதும் சேறு டேங்கர் லாரியில் ஏறி, ராஜ மரியாதையோடு எங்கள் ஊருக்குள் வந்தது.

வந்து சொன்னவரை நாங்கள் சிரிச்சமூஞ்சி என்று கூப்பிடுவோம். தொழிற்சாலையின் விவசாயத் தொடர்பு அலுவலர். தூங்கும்போதும் பல் தெரியும் என்பது என் கணிப்பு. உரம் இலவசம், கொண்டுவந்து கொட்டுவதும் இலவசம் என்றார். விதிகளை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கிணற்றுக்கு நூறு அடிக்குள் கொட்ட மாட்டோம். மழை ஈரம் காயாத நிலத்தில் கொட்ட மாட்டோம். ஏக்கருக்கு வருஷம் ஆறு வண்டிக்கு மேல் போக மாட்டோம். கொட்டிய மறுநாளே உழுது மூடிவிட வேண்டும். பத்து வண்டிக்கு ஒரு வண்டியில் அரசாங்க ஆளே மாதிரி எடுப்பார். இத்தனை பத்திரமாக என் கல்யாணத்தைக்கூட யாரும் நடத்தவில்லை.

சம்மதப் படிவத்தில் முதல் கையெழுத்து நான் போட்டேன். எனக்கு நாலு ஏக்கர், தக்காளியும் மக்காச்சோளமும். நான் போட்டதோடு விட்டேனா? அக்கம்பக்கத்து ஆட்களையும் இழுத்துவந்து போட வைத்தேன். மாதிரி எடுப்பதே எங்க அண்ணிதான், அவங்க கண்ணுல மண்ணத் தூவ முடியுமா என்று மார்தட்டினேன். என் பேச்சை நம்பி நாற்பது குடும்பம் போட்டது.

முதல் வருஷம் பயிர் அப்படி ஒரு பச்சை. மக்காச்சோளம் என் தலைக்கு மேல் போனது. நாற்றத்தை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும். அதுவும் நாலு நாளில் பழகிவிட்டது. வாரா வாரம் ஒரு கூடை தக்காளி அண்ணன் வீட்டுக்குப் போகும். அண்ணி வாங்கி வைத்துக்கொள்வார். தக்காளி நல்லாருக்கு என்று ஒரு தடவை சொன்னார், அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

மாதிரி எடுக்கவும் அவர் தவறாமல் வந்தார். டேங்கரின் முதுகில் ஒரு மூடி இருக்கும், ஏற இரும்பு ஏணி. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். நீளக் கைப்பிடி போட்ட பிளாஸ்டிக் குவளையை மூடிக்குள் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு முக்கி அள்ளுவார். பத்துத் தடவை அள்ளி மஞ்சள் வாளியில் ஊற்றுவார், கலக்குவார், பாட்டிலில் அடைப்பார், சீட்டு ஒட்டுவார், கையெழுத்துப் போடுவார். சிரிச்சமூஞ்சி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். இரண்டு வருஷத்தில் இருபத்திரண்டு மாதிரி. எல்லாமே வரம்புக்குள். தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமியம் என்ற உலோகம்தான் பயப்பட வேண்டிய சாமான். அது ஒன்றிலும் வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை.

இரண்டாம் வருஷம் என் வயலின் தூரத்து மூலை சாக ஆரம்பித்தது.

வாசல் பக்கம் தக்காளி தளதளவென்று நிற்கும், மூலையில் கால் ஏக்கருக்கு நாற்று பிடிக்காது. பிடித்ததும் வெளுத்துப்போகும். மண்மேல் சாம்பல் நிறத்தில் ஓடு மாதிரி ஒரு படலம். பூச்சி என்று மருந்தடித்தேன், தண்ணீர் போதவில்லை என்று பாய்ச்சினேன். கொட்டிய உரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அதே உரம்தானே வாசல் பக்கமும். பக்கத்து வயல்காரர்களுக்கும் ஆளுக்கொரு மூலை இப்படி. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, வரப்புச் சண்டை போட்டதுதான் மிச்சம்.

அண்ணி கண்டுபிடித்தது வயலில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் தன் தையல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நானும் உதவிக்குப் போயிருந்தேன். ஊறவைத்த சுண்ணாம்பு வாளியில் பட்டையை முக்கிச் சுவரில் இழுத்தேன். இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், சுவர் நனைகிறதே தவிர வெளுக்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினேன். அண்ணன் ஒரு குச்சியை எடுத்து வாளியின் அடியைக் கலக்கினார். வெள்ளையாகக் குபுகுபுவென்று மேலே வந்தது. அடியில தானடா கெடக்கு, மேலாக்க முக்கினா தண்ணிதான் வரும் என்றார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனிதர், அதில் ஒன்றை அன்றைக்குச் செலவழித்தார்.

அண்ணி வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த கை அப்படியே நின்றது. எழுந்து வந்து வாளியைப் பார்த்தார். குச்சியை வாங்கி அவரே ஒரு தடவை கலக்கினார். பிறகு என்னைப் பார்த்து, டேங்கரை வயலில் எங்கே கழுவுகிறார்கள் என்று கேட்டார். தூரத்து மூலையில்தான், அங்கேதான் வண்டி திரும்ப இடம் இருக்கிறது, சேறு ஊற்றும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதால் கடைசியில் மிஞ்சும் கட்டியைப் பின்மூடியைத் திறந்து தண்ணீர் அடித்துத் தள்ளிவிடுவார்கள் என்றேன். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் சாகிற மூலையும் அதுதான் என்று எனக்கே உறைத்தது.

மண்ணில் வேர் மேயும் இடம் மேலே ஒரு சாண்தான். அதனால் இத்தனை வருஷமாக அண்ணியின் கைக்கு ஒரு சாண் என்பதே பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே லாரி மேலும் ஏறி ஒரு சாண் அள்ளியிருக்கிறார். தொழிற்சாலையில் நிரப்பி இரண்டு நாள் சும்மா நிறுத்திவைத்த வண்டியில் மேலே இருந்தது வெறும் தெளிந்த தண்ணீர். விஷம் முழுக்க அடியில் படுத்திருந்தது. யாரும் அவரை ஏமாற்றக்கூட இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததோடு சரி.

அழுவார் என்று நினைத்தேன். அண்ணிக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேல். "கலக்காம எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லித் தந்தவ நான்" என்றார். உரித்த வெங்காயம் அங்கேயே கிடந்து காய்ந்தது.

அடுத்த டேங்கர் வந்த அன்று அண்ணி வயல் வாசலில் வழிமறித்து நின்றார். பத்தாவது வண்டி இல்லை, ஆறாவதுதான். முன்னறிவிப்பு இல்லாமல் எந்த வண்டியிலும் மாதிரி எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, அதுவரை யாரும் எடுத்ததில்லை. டிரைவரிடம் பேசி, நீள மூங்கில் ஒன்றை மூடிக்குள் விட்டு அடிவரை கலக்க வைத்தார். டிரைவர் நல்ல மனிதர். அடியில எப்பவும் கட்டியாத்தாங்க இருக்கும், நீங்க கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன் என்றார். அண்ணியை அது சுட்டிருக்க வேண்டும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில் எடுத்தார். மஞ்சள் வாளியில் விழுந்தது பச்சை கலந்த சாம்பல் நிறக் குழம்பு. அது இருபத்து மூன்றாவது.

குரோமியம், வரம்பைப் போல எட்டு மடங்கு.

மேலதிகாரி அந்த முடிவைக் கோப்பில் சேர்க்க மறுத்தார். இதுவரை எடுத்த முறை வேறு, இது வேறு, முறை மாறிய மாதிரி செல்லாது என்றார். கதவைச் சாத்திவிட்டு நல்லவிதமாகவும் சொல்லிப் பார்த்தாராம். அடுத்த மாதம் அனுமதியைப் புதுப்பிக்கும் விசாரணை வருகிறது, இன்னும் மூன்று வருஷத்துக்கு. அங்கே போய் இந்த முடிவைக் காட்டினால், முந்தைய இருபத்திரண்டும் பொய் என்று ஆகும். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. உங்கள் கையெழுத்தே செல்லாது என்று ஆகிவிட்டால் அப்புறம் உங்களை வைத்து நான் என்ன செய்வது? அண்ணி, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் சரிங்க சார் என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. இதைப் பாவம் அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொள்ளவே இல்லை.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணி என் வீட்டுக்கு வந்தார். கையில் என் தக்காளிக் கூடை. கூடைக்குள் தக்காளி அப்படியே இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு துணிப் பையில். ஒவ்வொரு பையிலும் பென்சிலால் எழுதிய சீட்டு: தேதி, நிலம், எடுத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, அவர் ஏன் அதைச் சாப்பிடவில்லை என்று புரிந்தது.

நான் மறைக்கவில்லை. எனக்குப் பயம். விஷயம் வெளியே வந்தால் என் நாலு ஏக்கரில் சாப்பிடுகிற பொருள் எதையும் விளைவிக்கக் கூடாது என்று விதி பாயும். எத்தனை வருஷத்துக்கு என்று யாருக்குத் தெரியும்? நாற்பது குடும்பமும் என்னைத்தான் பிடித்து உலுக்கும். என் பெண் பள்ளிக்கூடம் முடித்து மேலே படிக்கக் காத்திருக்கிறாள். இதெல்லாம் சொல்லி, கெஞ்சி, கடைசியில் குரலை உயர்த்தினேன்.

"அண்ணி, வண்டிய மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. பழசக் கிளறாதீங்க. உங்களுக்கும் வேலை போகும், எனக்கும் நெலம் போகும். யாருக்கு என்ன லாபம்?"

"தக்காளியில அது ஏறியிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியாததாலதான் சாப்பிடல. சந்தையில வாங்கித் திங்கறவனுக்கு, தெரியாதுங்கறதே தெரியாது."

"நான் உங்க கொழுந்தன். எனக்காகவாவது..."

"உனக்காகத்தான் மொதல்ல இங்க வந்தேன். விசாரணைக்கு நீ வந்தாலும் வராட்டியும் நான் போவேன்."

கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணனிடம் போய்ப் பொருமினேன். அண்ணன் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, அவ சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா என்றார். அவர் தைத்துக்கொண்டிருந்தது மாதிரிப் பை.

விசாரணை விவசாய ஆபீஸின் மாடியில் நடந்தது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சத்தம் போடும் மின்விசிறி. நடுவில் தலைநகரத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சிரிச்சமூஞ்சியும் தொழிற்சாலை ஆட்களும், எதிரே மேலதிகாரி. விவசாயிகள் பின்வரிசையில். நானும் இருந்தேன். புகார் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் என் திட்டம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சிரிச்சமூஞ்சி இருபத்திரண்டு அறிக்கைகளையும் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இதே மேடம் போட்டது, அவர்களுடைய கண்டிப்பு ஊருக்கே தெரியும் என்று புகழ்ந்தார். புகழ்ச்சியிலேயே கழுத்தை நெரிக்கத் தெரிந்த மனிதர்.

அண்ணி எழுந்தார். பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். இருபத்து மூன்றாவது மாதிரியில் மிச்சம் வைத்தது. பத்து நாள் அசையாமல் இருந்ததில் மேலே முக்கால் ஜாடி தெளிந்த தண்ணீர், அடியில் கால் ஜாடி பச்சைச் சேறு.

"நான் எடுத்த இருபத்திரண்டும் இதோ, இங்கருந்து எடுத்தது" என்று தெளிந்த தண்ணீரை விரலால் தொட்டுக் காட்டினார். "வண்டியில இருக்கறது இது." ஜாடியைத் தலைகீழாகத் திருப்பி ஒரு குலுக்குக் குலுக்கி வைத்தார். ஜாடி முழுக்கப் பச்சையானது. விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

சிரிச்சமூஞ்சி முதல் தடவையாகப் பல்லை மூடினார். பிறகு திறந்து, மரியாதையாகவே கேட்டார். இன்றைக்கு வந்து பழையது தப்பு என்கிறார்கள், நாளைக்கு வந்து இது தப்பு என்பார்கள், இப்படிப்பட்டவர் கையெழுத்தை எப்படி நம்புவது? மேலதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, உட்காருங்கம்மா, உட்காருங்க என்று முணுமுணுத்தார்.

அண்ணி உட்காரவில்லை. "நம்பாதீங்க. அந்த இருபத்திரண்ட நம்பாதீங்கன்னுதான் நானும் சொல்ல வந்திருக்கேன். மொத்த சுமையையும் காட்டற மாதிரிதான் எடுக்கணும்னு உங்க விதியில எழுதியிருக்கு. நான் அப்படி எடுக்கல. தப்பு என்னுது. ஆனா என் தப்பக் காட்டி இன்னும் மூணு வருஷம் எங்க நெலத்துல கொட்ட விடமாட்டேன். என்ன நம்பலன்னா கீழ எறங்கி வாங்க. டிரைவர்கிட்ட சொல்லி ஒரு வண்டியக் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். நீங்களே கலக்கி நீங்களே எடுங்க. வாளி நான் தர்றேன்."

யாரும் எழவில்லை. விசாரணை அதிகாரி பின்வரிசையைப் பார்த்து, நிலத்துக்காரர்கள் யாருக்காவது புகார் உண்டா என்று கேட்டார்.

என் பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான்தானே இழுத்துவந்தவன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் எழுந்திருக்க மாட்டேன், வீம்புக்காகவாவது. நேராக நின்ற அந்த முதுகைப் பார்த்தேன், காலருகில் இருந்த மஞ்சள் வாளியைப் பார்த்தேன். எழுந்து, இருக்கு என்றேன். என் வயலின் மூலையைப் பற்றிச் சொன்னேன். எனக்கு இப்படிச் சரளமாகப் பேச வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் உட்கார்வதற்குள் அடுத்தவர் தன் மூலையைப் பற்றிச் சொல்ல எழுந்துவிட்டார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். யார் வயலில் மூலை செத்தது யாரால் என்று இரண்டு வருஷம் சண்டை போட்ட ஆட்கள்.

அதிகாரி கீழே இறங்கினார். தன் முன்னாலேயே கலக்கி எடுக்க வைத்தார், அண்ணியின் வாளியில்தான். ஒரு மாதம் கழித்து அனுமதி ரத்து என்று உத்தரவு வந்தது. சேறு மறுபடியும் கழிவானது. அதைச் சிமெண்ட் குழியில் மூடச் சொன்னார்கள். எங்கள் நிலங்களின் மூலைகளுக்கு வேலி போட்டார்கள். மற்ற இடத்திலும் சோதனை முடியும்வரை உணவுப் பயிர் கூடாது என்று எழுதினார்கள். நான் பயந்தது அப்படியே நடந்தது. இப்போது என் நாலு ஏக்கரில் பலகைக்கு வெட்டும் தடிமரக் கன்று வைத்திருக்கிறேன். கன்று வளர்கிற வரை ஒரு மரப்பட்டறையில் வேலைக்குப் போகிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சந்தையில் தக்காளி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வதில்லை.

அண்ணியின் கையெழுத்து உரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலையிலிருந்து நீக்கவில்லை, கூடத்தில் பாட்டில் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். அவர் எடுக்கும் மண்ணுக்கு மறுபடியும் மின்விசிறிக்கடியில் இருப்பவர் கையெழுத்துப் போடுகிறார் என்று நினைத்தேன், இல்லை, அவரை மண்ணே எடுக்க விடுவதில்லை.

எட்டு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிற்சாலை மேல்முறையீடு செய்திருக்கிறது, விசாரணை அதிகாரியின் மாதிரியோடு இருபத்து மூன்றாவதும் விசாரணையன்று கோப்பில் ஏறியிருப்பது அவர்களுக்கு இடைஞ்சல். கடிதத்தில் எல்லாம் அச்சடித்தே இருந்தது. "இருபத்து மூன்றாவது மாதிரி அவசரத்தில், முறையிலிருந்து விலகி எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. போட்டு அனுப்பினால் பழைய உரிமை உடனே திரும்பக் கிடைக்கும் என்று மேலதிகாரி தனியாக ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார்.

அண்ணி அதைத் தையல் மேசையில் விரித்தார். பென்சிலைத் தேடவில்லை. உரிமை வந்த அன்று வாங்கிய அந்தப் பேனாவை அலமாரியிலிருந்து எடுத்தார். அச்சடித்த வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: "இருபத்திரண்டு மாதிரிகளை மேலாக அள்ளி எடுத்தேன். அவை தவறு. இருபத்து மூன்றாவதை அடிவரை கலக்கி எடுத்தேன். அது சரி." அதன்கீழ் தேதி போட்டார், எடுத்தவர் என்று எழுதினார், காலண்டரில் பழகிய அதே கையெழுத்தை முழுசாகப் போட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணி, உங்க கையெழுத்துதான் இப்ப செல்லாதே" என்றேன்.

மை காய்வதற்காகக் காகிதத்தை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செல்லாட்டி என்ன, என்னுதுதானே" என்றார்.